மரத்தின் மீதான சமவாய்ப்பு வரிசைமாற்றத்தில் நிலைமாற்றம் என்பது பெர்கொலேஷனின் மறுபெயர்தானா?

இல்லை. பெர்கொலேஷன் என்பது, இணைப்புகள் கூடக்கூட முடிவில்லாமல் நீளும் ஓர் இணைந்த பகுதி தோன்றுவது; இங்கே நிலைமாற்றம் என்பது முடிவிலாச் சுழல் தோன்றுவது. இரண்டும் அருகருகே நிகழ்வதால் ஒன்றெனத் தோன்றுகிறது.

ஒவ்வொரு முனைக்கும் ‘க’ பிள்ளைகள் உள்ள முடிவிலா மரம் ஒன்றில் முனைக்கு ஒரு பந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விளிம்பிலும் (இரு முனைகளை இணைக்கும் கோட்டிலும்), அலகு நேரத்துக்குச் சராசரியாக ஒரு முறை என்ற பாய்சான் வீதத்தில், அதாவது தற்செயலான கணங்களில், இரு முனைகளின் பந்துகளும் இடம் மாறுகின்றன. குறிப்பிட்ட நேரத்தில் நிறுத்தி, எந்தப் பந்து எங்கே போயிற்று என்று பார்த்தால் கிடைப்பது ஒரு வரிசைமாற்றம். ஒரு பந்து போன இடத்தில் முதலில் இருந்த பந்து எங்கே போயிற்று, அது போன இடத்தின் பந்து எங்கே என்று தொடர்ந்தால் கிடைப்பது ஒரு சுழல். தொடங்கிய இடத்துக்கே திரும்பாத முடிவிலாச் சுழல் உண்டா என்பதே கேள்வி.

ஒரு முறையாவது இடமாற்றத்துக்குப் பயன்பட்ட விளிம்புகளை மட்டும் கணக்கிட்டால் அது பெர்கொலேஷன்; அவற்றால் இணைந்த முனைகளின் குழு ஒரு கொத்து. அங்கே முடிவிலாக் கொத்து தோன்றும் எல்லை நேரம், க பெரிதாக இருக்கும்போது, ஏறத்தாழ 1/க + 1/(2க²). கொத்துக்கு வெளியே சுழல் போக முடியாது. ஆகவே அதற்கு முன் முடிவிலாச் சுழலும் இல்லை.

அதற்குப் பின் உடனே வந்துவிடுமா என்றால், வராது. 1–2–3 என்ற சிறு பாதையை எடுத்துக்கொள்வோம். முதலில் 1, 2 இடங்களிலும் பிறகு 2, 3 இடங்களிலும் பந்துகளை மாற்றினால் மூன்றும் ஒரே சுழலில் சேர்கின்றன. மீண்டும் 1, 2 இடங்களில் மாற்றினாலோ இரண்டாம் பந்து தன் இடத்துக்கே திரும்புகிறது, சுழல் உடைகிறது. கொத்து மட்டும் அப்படியே இருக்கிறது. இடமாற்றம் வெவ்வேறு சுழல்களுக்கிடையே நடந்தால் இணைக்கும், ஒரே சுழலுக்குள் நடந்தால் பிளக்கும். நேரம் கூடக்கூடச் சுழல் வளரும் என்று சொல்ல இடமில்லாததால், ஒரே ஓர் எல்லைப் புள்ளி உண்டு என்பதற்கே நிரூபணம் வேண்டியிருக்கிறது. இந்தத் துறையின் உண்மையான சிக்கல் இதுதான் என்பது என் கருத்து.

கணிதவியலாளர் ஓமர் ஏஞ்சல் 2003இல், க குறைந்தது 4 ஆக இருக்கும்போது, 1/க + 13/(6க²) முதல் 1/2 வரையிலான நேரங்களில் முடிவிலாச் சுழல் உண்டு என்று காட்டினார். போதிய அளவு பெரிய க-க்கு எல்லைப் புள்ளி ஒன்றே என்றும், அது 1/க + 1/(2க²)க்கும் 1/க + 2/க²க்கும் இடையில் இருக்கும் என்றும் நிறுவியவர் ஆலன் ஹேமண்ட்.

இயற்பியலாளர்களுக்கு இதில் அக்கறை வரக் காரணம், பாலிண்ட் டோத் 1993இல் ஹைசன்பர்க் ஃபெரோகாந்தத்தை (காந்தத்தின் குவாண்டம் மாதிரி ஒன்றை) இத்தகைய சுழல்களின் மொழியில் எழுதியதுதான். அங்கே ஒவ்வொரு சுழலுக்கும் 2 என்ற எடை உண்டு; அதாவது சுழல் ஒவ்வொன்றும் அந்த வரிசைமாற்றத்தின் வாய்ப்பை இரண்டால் பெருக்குகிறது. எடையில்லாத மாதிரியில்கூட, மரத்தை விட்டுக் கனசதுரக் கட்டத்துக்குப் போனால் நிலைமை கடினம். 5 பரிமாணங்களிலும் அதற்கு மேலும், நேரம் போதிய அளவு பெரிதாக இருந்தால், முடிவிலாச் சுழல்கள் உண்டு என்று டோர் எல்போயிமும் ஆலன் ஸ்லையும் நிரூபித்துள்ளனர்.