டிவியில் கோடு விழுந்தால் முதலில் மிக்ஸியைப் பாருங்கள்

வீட்டுச் சாமான்கள் டிவி படத்தைக் கெடுப்பது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: மிக்ஸி போட்டால் டிவியில் புள்ளியும் கோடுமாக ஓடுகிறது. மிக்ஸிக்கு ஆறு வயது. முன்பெல்லாம் இப்படி இல்லை. டிவியை மாற்றிவிடலாமா?

பதில்: டிவியைத் தொடாதீர்கள். மிக்ஸியில் கார்பன் பிரஷ் மாற்றிப் பாருங்கள். மோட்டார் சுற்றும்போது இரண்டு கரித்துண்டுகள் செம்புப் பட்டைகளை உரசிக்கொண்டே இருக்கும். அங்கே பறக்கும் தீப்பொறி ரேடியோ இரைச்சலாகக் கிளம்பி, காற்றிலும் கரண்ட் ஒயரிலுமாக டிவிக்கு வந்து சேர்கிறது. பிரஷ் தேயத் தேயப் பொறி கூடும். புதிதில் இல்லாத கோடு இப்போது வருவது அதனால்தான். ட்ரில்லிங் மெஷின், வேக்குவம் கிளீனர், தையல் மெஷின் மோட்டார் எல்லாம் இதே இனம். பழைய மாதிரி சீலிங் ஃபேனில் பிரஷ் கிடையாது. ஆனால் அதன் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் சில வகை கரண்டை நொடிக்கு நூறு தடவைக்குக் குறையாமல் வெட்டி வெட்டி அனுப்பும். ஃபேனை முழு வேகத்தில் வைத்ததும் இரைச்சல் நின்றால் ஆள் அதுதான்.

கேள்வி: இதே தொல்லைக்கு ஸ்டெபிலைசர் வாங்கினால் தீரும் என்று கடையில் சொன்னார்கள். வாங்கி மாட்டியும் கோடு போகவில்லை. என் மேல்தான் தப்பா?

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஏமாற்றி விற்றிருக்கிறார்கள். வோல்டேஜ் ஏறி இறங்குவதைச் சமன் செய்வது மட்டும்தான் ஸ்டெபிலைசரின் வேலை. ரேடியோ இரைச்சலை அது வடிகட்டாது. பில்லோடு போய், இன்ன கோளாறு தீரும் என்று சொல்லித்தான் விற்றீர்கள் என்று எழுதிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். வாயால் கேட்டால் நாளைக்கு வாருங்கள் என்பார்கள். எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: ஆன்டெனா பூஸ்டர் போட்டபின் படம் இன்னும் மோசம். ஏன்?

பதில்: சிக்னலைப் பெருக்கும்போது கூடவே வரும் இரைச்சலையும் அது பெருக்குகிறது. எனக்கும் இதே கதைதான். ஒன்று வாங்கினேன், போதவில்லை என்று அதைவிடப் பெரியது ஒன்றும் வாங்கினேன். இரண்டும் பெட்டியில் தூங்குகின்றன. கடைசியில் பார்த்தால் குற்றவாளி, பின்னல் சல்லடையாக இருந்த மட்டமான கேபிள். நல்ல கேபிளில் உலோகத் தாளும் நெருக்கமான பின்னலும் சேர்ந்து நடுக்கம்பியை மூடியிருக்கும். அதைப் போட்டு, முனைகளை இறுக்கமாகத் திருகியதும் படம் தெளிந்தது. சிக்னல் நிஜமாகவே பலவீனமான இடத்தில்தான் பூஸ்டர் உதவும். அப்போதும் அதை ஆன்டெனா பக்கத்தில் வைக்க வேண்டும், டிவிக்குப் பின்னால் அல்ல.

கேள்வி: வீடு முழுக்க எல்இடி பல்பு மாற்றினோம். அன்றிலிருந்து இரவில் இரண்டு சேனல் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது. பல்புக்கும் டிவிக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வருடமாக என்னை உறுத்தும் விஷயம் இது.

எல்இடி பல்புக்குள் ஒரு குட்டி சர்க்யூட் இருக்கிறது. பல மாதிரிகளில் அது கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை போட்டு அணைத்துக்கொண்டே இருக்கும். அந்த வேகத்தில் பிறக்கும் இரைச்சல் வெளியே போகாமல் தடுக்க ஒரு சின்னக் காயிலும் (கம்பிச் சுருள்) ஒரு கெபாசிட்டரும் வேண்டும். ரேடியோவைக் காப்பாற்றவே சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு 1934-ல் தொடங்கியது. விளக்குகளுக்கு சிஸ்பர் 15, மிக்ஸி போன்ற சாமான்களுக்கு சிஸ்பர் 14 என்று அளவுகோல்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். விதி இல்லாமல் இல்லை.

ஒரு முறை மலிவாக வருகிறதே என்று மொத்தமாக ஒரு டஜன் பல்பு வாங்கினேன். ரேடியோவில் கொரகொரப்பு தாங்காமல் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். காயில் உட்கார வேண்டிய இடம் பலகையில் அச்சிட்டே இருந்தது. காயில் இல்லை. அந்த இடத்தில் வெறும் கம்பித் துண்டு ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். வடிவமைத்தவருக்கு அது தேவை என்று தெரிந்திருக்கிறது. தயாரித்தவர் தெரிந்தே எடுத்துவிட்டார். மிச்சம் பிடித்தது துளிக் காசு. வாங்கியவரோ டிவி மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கேபிளை மாற்றி, ஆன்டெனாவைத் திருப்பி அலைகிறார், பல்பின் மேல் அவருக்குச் சந்தேகமே வருவதில்லை. இந்த அநியாயத்தை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் ஒரே அளவில் இருக்காது, அதனால்தான் இரண்டு சேனலோடு நிற்கிறது. டிஜிட்டல் ஒளிபரப்பில் ஓர் எல்லை வரை படம் பளிச்சென்று இருக்கும், தாண்டினால் உடைந்துவிடும். அந்தச் சேனலை வைத்துக்கொண்டு பல்புகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்ததும் படம் உடையாமல் நிற்கிறதோ அதைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த முறை ஒன்றே ஒன்று வாங்கி, ஒரு வாரம் எரியவிட்டுப் பார்த்தபின் மற்றதை வாங்குங்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜ் 'டிக்' என்று நிற்கும்போது படம் ஒரு கணம் உறைகிறது.

பதில்: தெர்மோஸ்டாட் முனை பிரியும்போது வரும் பொறி. ஒரு தடவையோடு நின்றால் விட்டுவிடுங்கள். டிக்டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பெயரே போடாத சார்ஜர் நான்கு மலிவாகக் கிடைத்தது. பில் வாங்கவில்லை. செருகினால் டிவி படம் சிதறுகிறது. எங்கே புகார் செய்வது?

பதில்: யார் மேல் செய்வீர்கள்? தயாரித்தவர் பெயர் இல்லை, விற்றவர் கையெழுத்து இல்லை. பில் வாங்குங்கள் என்று எத்தனை தடவைதான் எழுதுவது! அந்த நான்கையும் இன்றைக்கே எலெக்ட்ரானிக் கழிவில் சேர்த்துவிடுங்கள். இரைச்சல் தடுக்கும் பாகத்தை விட்டவர், ஷாக் அடிக்காமல் காக்கும் பாகத்தில் மட்டும் தாராளம் காட்டியிருப்பார் என்று நம்ப வேண்டாம்.

கேள்வி: இரைச்சலுக்காக ஃபில்டர் பெட்டி வாங்கி மாட்டினேன். கோடு குறைந்தது. ஆனால் அதன் உலோக உடம்பைத் தொட்டால் சுரீர் என்கிறது.

பதில்: உடனே கழற்றுங்கள். அந்தப் பிளக்கில் எர்த் இல்லை அல்லது அறுந்திருக்கிறது. ஃபில்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் இரைச்சலை எர்த்துக்குத்தான் தள்ளும். எர்த் இல்லையென்றால் பெட்டியின் உடம்பு கிட்டத்தட்ட பாதி வோல்டேஜில் நிற்கும். எலெக்ட்ரீஷியன் எர்த்தைச் சரிபார்க்கும் வரை மாட்ட வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தும் தொல்லை போகவில்லை. பக்கத்து வீடுதான் என்று நினைக்கிறேன். எப்படி நிரூபிப்பது?

பதில்: பேட்டரியில் ஓடும் ஒரு ஏஎம் ரேடியோ போதும். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கொரகொரப்பு அப்படியே இருந்தால் வெளியிலிருந்து வருகிறது. ரேடியோவோடு நடந்து பாருங்கள், பக்கம் போகப் போகச் சத்தம் கூடும். கண்டுபிடித்ததும் சண்டைக்குப் போக வேண்டாம், அவர்களுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. வேல்ஸ் நாட்டில் அபெர்ஹோசன் என்ற கிராமத்தில் பதினெட்டு மாதம் தினமும் காலை 7 மணிக்கு இணையம் துண்டானது. கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் பொறியாளர்கள் கருவியோடு தெருத் தெருவாக நடந்து, ஒரு வீட்டில் காலையில் போடப்படும் பழைய டிவிதான் காரணம் என்று கண்டார்கள். 2020-ல் இது வெளியே வந்தது. சொன்னதும் வீட்டுக்காரர் அந்த டிவியை இனி போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார். நீங்களும் ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அவர்களையே கேட்கச் சொல்லுங்கள்.