கப்பல் ஏறப்போகும் வீடு: கேள்வி பதில்

சென்னையில் வெளிநாட்டுக்கு வீட்டுச் சாமான் அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். பேக்கிங், சுங்கப் பேப்பர் இரண்டும் என் வேலை. கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அட்டைப்பெட்டி தேட ஆரம்பிக்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். என்னென்ன போகிறது, எந்த வருஷம் வாங்கியது, புதிதாக வாங்கினால் என்ன விலை என்று அதில் எழுதிக்கொண்டே வாருங்கள். சுங்கமோ இன்சூரன்ஸோ உங்களிடம் கடைசியில் கேட்கப்போவது அந்தப் பட்டியலைத்தான்.

அக்கா, பி.ஆர். கிடைத்து டொராண்டோ போகிறோம். எப்போது ஆரம்பிக்கணும்? சாமான் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லதுதானே? (கோவை)

முன்னால் போய்ச் சேரவே கூடாது. உங்கள் பெயரில் வரும் வீட்டுச் சாமானை சுங்கத்திலிருந்து எடுக்க, நீங்கள் அங்கே குடியேறியவராக இறங்கியிருக்க வேண்டும். அதுவரை சரக்கு கிடங்கில் வாடகை ஏறிக்கொண்டிருக்கும். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் சர்வேக்கு, அதாவது சாமானை நேரில் பார்த்து அளவு சொல்ல, ஆளைக் கூப்பிடுங்கள், கிளம்பும் வாரத்தில் பேக்கிங் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து போகும் பெட்டி பெரும்பாலும் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கப்பல் மாறி, கனடாவின் ஏதாவது ஒரு துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் டொராண்டோ வரும். வாசலுக்கு வர இரண்டிலிருந்து மூன்று மாதம் என்று மனதில் வைத்துக்கொண்டு, அதுவரை தேவைப்படும் குளிர் உடை, ஒரு குக்கர், பிள்ளைகளின் புத்தகங்களை விமானத்தில் எடுத்துப் போங்கள்.

கனடாவில் முக்கியமான வேலை விமான நிலையத்திலேயே நடக்கிறது. அங்கே இறங்கியதும் சுங்க அதிகாரியிடம் பி.எஸ்.எஃப். 186 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். அதோடு இரண்டு பட்டியல்: கையோடு வந்தவை, பின்னால் வருபவை. இரண்டிலும் பொருள், பிராண்ட், மதிப்பு, இருந்தால் சீரியல் எண் எல்லாம் வேண்டும். அதிகாரி முத்திரை போட்டுக் கொடுக்கும் பிரதியைப் பாஸ்போர்ட் மாதிரி பத்திரமாக வைத்திருங்கள். சரக்கு வரும்போது கேட்பது அதைத்தான். பயணக் களைப்பில், பிள்ளை அழுகிறது என்று இதைச் செய்யாமல் வெளியே வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் வருபவை பட்டியலில் இல்லாத சாமானுக்கு வரிவிலக்கு கேட்பது பெரும்பாடு.

வரிவிலக்கு, நீங்கள் ஏற்கெனவே வைத்திருந்து பயன்படுத்திய பொருளுக்கு மட்டும். கிளம்பும் வாரத்தில் வாங்கி, பெட்டி பிரிக்காமல் அனுப்பும் பொருளுக்குக் கிடைக்காது. வரியில்லாமல் வந்த பொருளை 12 மாதத்துக்குள் விற்றால் வரி கட்ட வேண்டி வரும். நகைகளுக்கு ஒவ்வொன்றாக ஃபோட்டோ எடுத்து, நகைக்கடையில் மதிப்புச் சான்று வாங்கி, பட்டியலில் தனித்தனியாக எழுதுங்கள். 'நகைகள் ஒரு செட்' என்று எழுதினால் அடுத்த முறை ஊருக்கு வந்து திரும்பும்போது எது பழையது, எது புதியது என்று உங்களாலேயே காட்ட முடியாது. கையில் 10,000 கனடா டாலர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒன்று மட்டும் மிகவும் குறைவு. நம்பலாமா? (திருச்சி)

அந்தக் கொட்டேஷனில் 'துறைமுகம் வரை' என்று இருக்கிறதா, 'வாசல் வரை' என்று இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள். குறைந்த விலை பெரும்பாலும் அந்த ஊர்த் துறைமுகத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் முனையக் கட்டணம் (துறைமுகத்தில் பெட்டியை இறக்கிக் கையாளும் செலவு), கிடங்கு, சுங்க முகவர், பரிசோதனைச் செலவு, லாரி, மாடிக்கு ஏற்றுவது என்று அங்கே இன்னொரு கம்பெனி பில் போடும். சாமான் அவர்கள் கையில் இருப்பதால் உங்களால் பேரம் பேசவும் முடியாது. எதெல்லாம் சேர்த்தி, எதெல்லாம் சேர்த்தி இல்லை என்று எழுதி வாங்குங்கள். சுங்கப் பரிசோதனைச் செலவை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. அது 'தனி' என்று எழுதியிருந்தால் தப்பில்லை. முனையக் கட்டணமும் டெலிவரியும் 'தனி' என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது அளவு. முழு கன்டெய்னர் எடுக்காமல் மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது எடையைப் பார்ப்பதில்லை, கன மீட்டருக்குத்தான் பணம். அதைத்தான் நாங்கள் சிபிஎம் என்போம். ஒரு சிபிஎம் என்றால் சுமார் 35 கன அடி. வீட்டுக்கு ஆள் அனுப்பாமல், ஃபோனில் கேட்டே 'ஆறு சிபிஎம் வரும்' என்று சொல்கிறவர் பேக்கிங் அன்று ஒன்பது என்பார். சர்வேக்கு வருகிறவரிடம் பரணையும் கட்டிலுக்கு அடியையும் திறந்து காட்டுங்கள். சொன்ன அளவைத் தாண்டினால் ஒரு சிபிஎம்முக்கு என்ன விலை என்பதையும் முன்பே எழுதி வாங்குங்கள். 20 அடி கன்டெய்னரில் 33 சிபிஎம் இடம் இருக்கிறது. வீட்டுச் சாமானை இடுக்கில்லாமல் அடுக்க முடியாது என்பதால் 28 அளவிலேயே நிறைந்துவிடும். உங்கள் சாமான் பதினைந்தைத் தாண்டினால் தனி கன்டெய்னருக்கும் விலை கேட்டுப் பாருங்கள்.

விமானச் சரக்கில் கணக்கு வேறு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் வருவது கன எடை. அதையும் உண்மையான எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குவார்கள். 60, 45, 45 அளவுள்ள பெட்டியில் தலையணை போட்டு ஐந்து கிலோ இருந்தாலும் இருபது கிலோவுக்கு மேல் கட்டுவீர்கள்.

மிக்ஸி, கிரைண்டர் இல்லாமல் எப்படி? கனடாவுக்கு எடுத்துப் போகலாமா? (சேலம்)

இங்கே நாம் ஓட்டுவதை அங்கே கொண்டு போகாதீர்கள். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வோல்ட்டை ஏற்றலாம், ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. மிக்ஸியின் கார்பன் பிரஷ் மோட்டாருக்கு அது பொருட்டில்லை, ஆனால் அது 750 வாட் இழுக்கும். அதைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் செங்கல் அடுக்கு மாதிரி கனக்கும். கிரைண்டர் மோட்டார் வேறு வகை. 60 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடி ஓடும், மாவு சூடாகும். ப்ரீத்தி, அல்ட்ரா போன்றவர்களே அந்த ஊர் மின்சாரத்துக்கென்று 110 வோல்ட் மாடல் செய்கிறார்கள். அதை வாங்கிக்கொள்ளுங்கள், புதிது என்று பட்டியலில் உள்ளபடியே எழுதுங்கள். லேப்டாப், ஃபோன் சார்ஜரின் பின்னால் 100-240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, பிளக் மாற்றினால் போதும்.

மெல்பர்ன் போகிறோம். மாமியார் கொடுத்த கொலு பொம்மைகளை விட்டுப்போக மனசில்லை. (மயிலாப்பூர்)

விட்டுப்போக வேண்டாம் அம்மா, ஆனால் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. ஆஸ்திரேலியாவில் உயிரிப் பாதுகாப்புச் சோதனை மிகக் கடுமை. பூச்சி, விதை, மண், வைக்கோல் எதுவும் உள்ளே போகக் கூடாது. பரணில் இருக்கும் கொலுப் பெட்டியைத் திறந்தால் பழைய பொம்மைகளைச் சுற்றி வைக்கோல் இருக்கும், சிலவற்றுக்கு உள்ளேயே அடைத்திருப்பார்கள். முதல் வேலையாக அதை முழுக்க எடுத்துவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் மடிப்புகளில் இருக்கும் தூசியைத் தட்டுங்கள். அடிப்பாகத்தில் செல்லரித்த துளையோ மாவு மாதிரி தூளோ தெரிந்தால் அந்தப் பொம்மை இங்கேயே இருக்கட்டும்.

அப்புறம் ஒவ்வொன்றையும் அச்சில்லாத வெள்ளைத் தாளில் சுற்றி, அதற்கு மேல் பபிள் ராப். செய்தித்தாள் மை வர்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கை, கிரீடம், வீணையின் நுனி போன்ற நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களைத் தாளால் நிரப்பிய பிறகுதான் உடம்பைச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் சுற்று இறுகும்போது நுனிதான் முதலில் ஒடியும். சிறு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டுத் தாள் திணியுங்கள். காகிதக்கூழ் பொம்மைகளைச் சிலிக்கா ஜெல்லோடு பிளாஸ்டிக்கில் மூடிவிடுங்கள். கடலில் வெயிலும் குளிரும் மாறும்போது கன்டெய்னர் கூரையில் ஈரம் கோத்துச் சொட்டும்.

மரப்பாச்சி மட்டும் தனி விஷயம். பழைய மரப்பாச்சிகள் பெரும்பாலும் செம்மரம். அதை நாட்டை விட்டு அனுப்ப நம் ஊரிலேயே கடும் கட்டுப்பாடு, உலக அளவில், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலிலும் இருக்கிறது. தங்கை வீட்டிலோ அம்மா வீட்டிலோ கொடுத்துவிட்டுப் போங்கள். பீரோவில் மயில்தோகை விசிறி இருந்தால் அதுவும் அப்படியே, மயில்தோகை ஏற்றுமதிக்குத் தடை.

முறம், தென்னந்துடைப்பம், கோரைப்பாய், ஓலைப்பெட்டி வேண்டாம். செருப்பு, ஷூ, சைக்கிள் டயரைப் பல் துலக்கும் பிரஷ் வைத்துக் கழுவிக் காயவையுங்கள். ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணுக்காக அங்கே சுத்தம் செய்து, அந்தச் செலவை உங்களிடமே வாங்குவார்கள். மர கிரேட் போட்டால் வெப்பமூட்டியதற்கான முத்திரை உள்ள மரமா என்று பாருங்கள். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடேறியிருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி.

கும்பகோணத்தில் தாத்தா காலத்து வெண்கல விளக்கும் சில ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. மகனிடம் லண்டன் போகிறேன், எடுத்துப் போகலாமா அம்மா?

ஐயா, சுவடிகளை எடுத்துப் போக நினைக்கவே வேண்டாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள், 75 வருஷத்துக்கு மேற்பட்ட மதிப்புள்ள சுவடி இரண்டையும் தனியார் வெளியே அனுப்ப முடியாது. விளக்கு அந்த வயதுக்குக் கீழே என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று வாங்கிவிட்டு அனுப்பலாம். துறையின் சென்னை அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்து, உயரம் எடையோடு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். சான்று இல்லாமல் பார்வைக்குப் பழையதாகத் தெரியும் ஒரு விளக்கு, மொத்தச் சரக்கையும் சுங்கத்தில் நிறுத்திவிடும்.

நாங்களே பேக் செய்தால் காசு மிச்சம்தானே? இன்சூரன்ஸ் உண்மையில் தேவையா? (தாம்பரம்)

துணி, புத்தகம், பாத்திரத்தை நீங்களே கட்டலாம் தம்பி. கண்ணாடி, பீங்கான், டிவி, படங்கள் வேண்டாம். நீங்கள் கட்டிய பெட்டியில் 'உரிமையாளர் பேக் செய்தது' என்று குறித்துவிடுவார்கள். அதற்குள் உடைந்ததற்குப் பெரும்பாலான பாலிசிகளில் பணம் வராது, பெட்டியே காணாமல் போனால்தான் வரும்.

இன்சூரன்ஸ் கட்டாயம் எடுங்கள். 'முழு இழப்பு மட்டும்' என்ற பாலிசி கப்பலே மூழ்கினால்தான் உதவும், 'எல்லா அபாயங்களும்' என்பதைக் கேளுங்கள். மதிப்பு எழுதும்போது இங்கே வாங்கிய விலையைப் போடாதீர்கள். போகிற ஊரில் திரும்ப வாங்க என்ன ஆகும் என்று போடுங்கள். ஆறு நாற்காலியில் ஒன்று உடைந்தால் ஒன்றுக்கா, செட்டுக்கா என்ற விதியும் உள்ளே இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெளியே கீறல் இல்லாமல் உள்ளே ஓடாமல் போன டிவிக்குப் பணம் வர, பாலிசியில் அதைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, பொதுச் சராசரி. கப்பலைக் காப்பாற்ற ஆகும் செலவை, அதில் சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் மதிப்புக்கு ஏற்பப் பகிர வேண்டும் என்பது பழைய கடல் விதி. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் ஆறு நாள் சிக்கிய பிறகு அதை அறிவித்தார்கள். உங்கள் பெட்டிக்கு ஒரு கீறல் விழாவிட்டாலும் அந்தப் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்தால்தான் விடுவிப்பார்கள். இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

பூஜை சாமான் அப்படியே ஒரு பெட்டியில் போடலாமா? (மதுரை)

கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் எடுத்துவிட்டுப் போடுங்கள். கற்பூரம் எரியும் பொருள் பட்டியலில் இருக்கிறது, விமானப் பெட்டியிலும் கூடாது. பவர் பேங்க், சென்ட், நெயில் பாலிஷ், பெயின்ட் எதையும் கப்பல் சரக்கில் வைக்காதீர்கள்.

பிரிட்டனுக்கு என்ன படிவம்? (வேலூர்)

டி.ஓ.ஆர். 1, குடியிருப்பு மாற்றத்துக்கானது. சரக்கு போய்ச் சேருவதற்கு முன்பே ஆன்லைனில் விண்ணப்பித்து எண் வாங்க வேண்டும். பொருளை ஆறு மாதமாவது வைத்திருந்து பயன்படுத்தியிருக்க வேண்டும், நீங்கள் 12 மாதமாவது பிரிட்டனுக்கு வெளியே வசித்திருக்க வேண்டும். எண் இல்லாமல் போனால் தீர்வையோடு 20 சதவீத வாட் வரியும் கேட்பார்கள்.

எங்கள் நாய் சிட்னி வருமா அக்கா? (அண்ணாநகர்)

வரும், ஆனால் இந்தியாவிலிருந்து நேரடியாக அல்ல. ஆஸ்திரேலியா ஒப்புக்கொண்ட வேறொரு நாட்டின் வழியாகத்தான் போக முடியும். ரேபிஸ் எதிர்ப்பொருள் பரிசோதனை முடிந்து 180 நாள் காத்திருக்க வேண்டும், அப்புறம் மெல்பர்ன் பக்கம் மிக்கிள்ஹாமில் தனிமைக் காலம். விசா வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது, இந்த வாரமே கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

எந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொள்ளணும்? (ஈரோடு)

மூலச் சான்று எதுவும் கப்பலில் போகக் கூடாது. பிறப்பு, திருமணச் சான்றுகள், மதிப்பெண் பட்டியல், பிள்ளைகளின் டி.சி., தடுப்பூசி அட்டை எல்லாம் கைப்பையில். ஒன்டாரியோ பள்ளிகள் தடுப்பூசி விவரத்தை முதல் நாட்களிலேயே கேட்கும். ஓட்டுநர் உரிமத்துக்கு, எந்தத் தேதியிலிருந்து ஓட்டுகிறீர்கள் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சான்று வாங்குங்கள், அங்கே உரிமம் எடுக்கும்போது அனுபவக் கணக்குக்கு உதவும். வங்கிக்குப் போய் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்கு) ஆக மாற்றச் சொல்லுங்கள். கேஸ் இணைப்பை ஒப்படைத்து டெபாசிட்டை வாங்கிவிடுங்கள்.

டெலிவரி அன்று என்ன கவனிக்கணும்? (கோவை, முதலில் கேட்டவரே)

வாசலில் ஒருவர் பேக்கிங் லிஸ்ட்டோடு நின்று, உள்ளே போகும் ஒவ்வொரு பெட்டி எண்ணையும் டிக் செய்யுங்கள். நசுங்கிய, நனைந்த பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஃபோட்டோ எடுங்கள். 'நல்ல நிலையில் பெற்றேன்' என்ற தாளை அவசரப்படுத்தி நீட்டுவார்கள். எண் 23 வரவில்லை, 31 நனைந்திருக்கிறது என்று அந்தத் தாளிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உள்ளே உடைந்ததைப் பிறகு பார்த்தாலும் இன்சூரன்ஸ் கேட்க நாள் கெடு உண்டு, பாலிசியில் அந்தத் தேதியை இப்போதே வட்டம் போட்டு வையுங்கள்.