ரொட்டிக்கு வரும் மீன் சாட்சி ஆகாது

கேள்வி: பாடாங் செராய் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பாயார் தீவு கடல் பூங்காவுக்கு அழைத்துப் போகிறோம். 'பவள ஆய்வு' செய்யவைத்துச் சான்றிதழ் தருவதாக ஏஜெண்டு தலைக்குக் கூடுதல் வெள்ளி கேட்கிறார். பவளப்பாறை நலமா என்று ஒரே நாளில் பிள்ளைகள் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியாது, டீச்சர். அந்தக் கூடுதல் பணத்தைக் கட்டாதீர்கள்.

உண்மையான ஆய்வில், பயிற்சி பெற்ற முக்குளிப்போர் 100 மீட்டர் நாடாவைப் பாறைமேல் விரிப்பார்கள். அரை மீட்டருக்கு ஒருமுறை அதன் கீழே இருப்பது உயிருள்ள பவளமா, செத்ததா, மணலா, பாசியா என்று குறிப்பார்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குப் போவார்கள். ரீஃப் செக் மலேசியா என்ற பவளப்பாறை ஆய்வு அமைப்பு 2007 முதல் இப்படித்தான் செய்கிறது. உயிருள்ள பவளம் 25 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மோசம், 50ஐத் தாண்டினால் நல்லது.

"மீன் எப்படி மொய்க்கிறது பாருங்கள், பாறை நலம்" என்று சொல்லும் படகுக்காரர்களை நம்பவே நம்பாதீர்கள். ரொட்டி போட்டால் வரிமீன் மொய்க்கத்தான் செய்யும். கடல் பூங்காவில் மீனுக்குத் தீனி போடக்கூடாது. அப்படியிருந்தும் ரொட்டிப் பொட்டலம் படகில் ஏறுகிறதே, யார் தடுக்கிறார்கள்? அதைவிட வண்ணத்துப்பூச்சி மீன், கிளிமீன், களவா இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் பயன்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுங்கள். வெள்ளையாக இருக்கும் பவளம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் உணவும் தருகிறது. கடல் சூடேறினால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். அப்போது வெளுத்துப் பட்டினி கிடக்கும், ஆனால் உயிர் இருக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் நிறம் திரும்பும். தணியாவிட்டால் செத்து, மேலே பச்சையோ பழுப்போ பாசி படரும். அதனால் வெள்ளையைக் கண்டதும் செத்ததுதானே என்று காலை வைத்துவிடக் கூடாது. அந்த நேரத்தில்தான் அதைத் தொடவே கூடாது. 2010இல் இப்படி வெளுத்தபோது பாயாரிலும் சில முக்குளிப்பு இடங்களை மூடினார்கள்.

1994இல் அரசிதழில் அறிவித்த பூங்கா இது. அதன் நிலையை நம் பிள்ளைகள் படிக்கிற மாதிரி படகுத்துறையில் ஒரு பலகையில் எழுதிவைக்க இன்னும் எத்தனை வருடம் வேண்டுமோ!

சரி, நீங்கள் செய்யக்கூடியது: வெளுத்த பவளத்தைக் கண்டால் தேதி, இடத்தோடு படம் எடுத்து ரீஃப் செக் மலேசியாவுக்கு அனுப்புங்கள். அப்புறம், பிள்ளைகள் எழுதும் கணக்கு எந்த அலுவலகத்துக்குப் போகும் என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் வேறு படகு பாருங்கள்.