டூரிஸ்ட் விசாவுல வந்து பிரசங்கம் பண்ணலாமா?

கேள்வி: திருநெல்வேலியில ஊழியம் பண்ற எங்க அக்காவும் அத்தானும் சிங்கப்பூர் வர்றாங்க. சர்ச்சுல செய்தி கொடுக்கணும், இங்க வேலை செய்ற நம்ம ஊர் தம்பிங்களையும் பாக்கணும்னு ஆசை. டூரிஸ்ட் விசா போதுமா?
- ஒரு சகோதரி, உட்லண்ட்ஸ்

பதில்: போதாதும்மா. ஆராதனையில வந்து உக்கார தடையில்ல, ஆனா மேடையேறி பிரசங்கம் பண்ணணும்னா மிசலேனியஸ் வொர்க் பாஸ்ங்கிற குறுகிய கால வேலை அனுமதி வேணும், அதை அத்தான் தானா போட முடியாது, கூப்பிடுற சபைதான் மனிதவள அமைச்சுல விண்ணப்பிக்கணும், கட்டணம் 175 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), அதிகபட்சம் 60 நாள். அக்காவும் பேசுறதா இருந்தா அவங்களுக்கும் போடச் சொல்லுங்க. பாஸ் கிடைக்கிறதுக்கு முன்னாடி டிக்கெட் எடுக்கவே வேணாம்.

நம்ம ஊர் மாதிரி தெருமுனையில மைக் பிடிக்கிறது இங்க கிடையாது. பொதுவுல பேசறதுக்குன்னே ஒதுக்கின ஹாங் லிம் பார்க் பேச்சாளர் முனையில கூட வெளிநாட்டவங்க பேசக்கூடாது, சமய விஷயமும் பேசக்கூடாது.

தம்பிங்களைப் பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா தேக்கா பக்கம் கூட்டிட்டுப் போங்க. புல்தரையில உக்காந்து வீட்டுக்கு வீடியோ கால்ல பேசிட்டிருப்பாங்க, பிள்ளை முகத்தைப் பாத்து சிரிச்சுட்டு, போனை வெச்சதும் அப்படியே உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கு முதல்ல வேண்டியது பிரசங்கம் இல்லம்மா, எந்த ஊரு, சாப்டீங்களான்னு கேக்குற ஒரு ஆள், என் மனசுல அதுதான் பெரிய ஊழியம். ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபை, ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில் ரெண்டும் நடக்கிற தூரம்தான்.

சிங்கப்பூருக்குள்ள நுழையறதுக்கான எஸ்ஜி அரைவல் கார்டு, வந்து இறங்குறதுக்கு முன்னாடி, வர்ற நாளையும் சேத்து மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல போடணும், அது இலவசம், யாருக்கும் காசு கட்டிடாதீங்க.