சமையலறைக் கேள்விகள்

கேள்வி: அக்கா, சன்வின் மக்கின் (பர்மிய ரவை கேக்) செய்தால் மேலே வெளிறி, உள்ளே களி மாதிரி நிற்கிறது. வீட்டில் ஓவன் இல்லை. கரண்டும் வந்து வந்து போகிறது. என்ன வழி? (ஒரு வாசகி, தாம்வே, ரங்கூன்)

பதில்: நானும் முதல் முறை களிதான் கிண்டினேன்மா. என் வீட்டுக்காரர் அதைக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அல்வா நல்லாருக்கு" என்றார்!

1 கப் ரவையைச் சிவக்க வறுங்கள். வாசனை வந்தால் போதாது, நிறமும் மாறணும். ஆறியதும் 2 கப் தேங்காய்ப்பால், 1 கப் தண்ணீர், முக்கால் கப் சர்க்கரை, சிட்டிகை உப்பு கலந்து அரை மணி ஊறவிடுங்கள். பலரும் இதை அப்படியே வேகவைத்துவிடுகிறார்கள். உங்கள் களிக்கும் அதுதான் காரணமாக இருக்கும். அடுப்பில் வைத்து, 50 கிராம் வெண்ணெய் போட்டு, சட்டியை விட்டு ஒட்டாமல் உருண்டு வரும்வரை கிண்டுங்கள். கை வலிக்கும், வேறு வழியில்லை. திராட்சை உங்கள் இஷ்டம்.

ஓவன் இல்லையென்று ஏன் கவலை? தெருவோரக் கடைக்காரர் மேலும் கீழும் கரி நெருப்பு வைத்துத்தானே வேகவைக்கிறார். வெண்ணெய் தடவிய கனத்த சட்டியில் மாவைச் சமன் செய்து, கசகசா தூவி, இரும்புத் தகட்டால் மூடுங்கள். கீழே தணல் கொஞ்சம், தகட்டின் மேல் நிறைய. நீங்கள் கீழேயே எல்லா நெருப்பையும் வைத்திருப்பீர்கள், அதான் மேலே வெளிறுகிறது. முக்கால் மணி ஆகும்.

சூட்டோடு வெட்டாதீர்கள், குழையும். முழுக்க ஆறட்டும். எங்கள் வீட்டில் முறுகலான ஓரத்துண்டுக்குப் பேரப்பிள்ளைகள் சண்டை, நடுத்துண்டு எனக்குத்தான்.