பாதி கட்டிய கோப்ரா – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் இருக்கிறேன். மே மாத விடுமுறையில் பக்கத்தில் ஸ்டோன்லீ பார்க்கில் நடந்த கிட் கார் (பாகங்களை வாங்கி வீட்டிலேயே கட்டும் கார்) கண்காட்சிக்குப் போயிருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் 1960-களின் ஸ்போர்ட்ஸ் காரான ஏசி கோப்ராவின் நகல்கள்தான். வந்தவர்களில் பலர் பளபளக்கும் பாடியைக் கண்டுகொள்ளவே இல்லை. தரையில் முட்டி போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "டோனர் என்ன?", "க்யூ பிளேட்டா?", "ஐவிஏ முடிந்ததா?" இதுதான் பேச்சு. டோனர் என்றால் பாகங்களைக் கழற்றி எடுத்த பழைய கார், க்யூ பிளேட் என்றால் வயதை நிரூபிக்க முடியாத காருக்குத் தரும் நம்பர், ஐவிஏ என்றால் சாலையில் விடுமுன் செய்யும் அரசுச் சோதனை. கூட வந்த நண்பர் எல்லாம் போலிச் சரக்கு என்று ஒதுக்கிவிட்டார். எனக்கு ஆசை விடவில்லை. 1990-களில் ஒருவர் ஆரம்பித்துப் பாதியில் விட்ட கோப்ரா கிட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் ஃபைபர் பாடி ஏறியிருக்கிறது. சஸ்பென்ஷன் ஜாகுவார் எக்ஸ்ஜே6-இலிருந்து எடுத்தது. ரோவர் 3.5 லிட்டர் வி8 என்ஜின் தனியாகக் கிடக்கிறது. காகிதங்கள் "கொஞ்சம் இருக்கின்றன" என்கிறார். வாங்கலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

– ஒரு வாசகர், கோவென்ட்ரி

அன்புள்ள நண்பருக்கு,

முட்டி போட்டவர்கள் பார்க்க வேண்டிய இடத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். நல்ல வார்ப்பச்சு ஒன்று இருந்தால் ஃபைபர் பாடி எத்தனை வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அந்தப் பாடிக்கு அடியில் சக்கரம் எங்கே நிற்கிறது, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதில்தான் நல்ல நகலும் மட்டமான நகலும் பிரிகின்றன.

கண்காட்சியில் கோப்ரா இத்தனை இருப்பதற்கும் இதுவே காரணம். 1962-இல் அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கரோல் ஷெல்பி, பிரிட்டனின் ஏசி கார் நிறுவனத்தின் ஏஸ் காரில் ஃபோர்டு வி8 என்ஜினை வைத்ததுதான் மூலம். முதலில் 4.3 லிட்டர், பிறகு 4.7, 1965-இல் 7 லிட்டர். மொத்தமே ஏறத்தாழ ஆயிரம் கார்கள்தான் வந்தன. அதன் எலும்புக்கூடு மிக எளிது: இரண்டு தடித்த இரும்புக் குழாய்களை ஏணி போல இணைத்த சேஸிஸ், முதலில் 3 அங்குலக் குழாய், பெரிய என்ஜின் வந்தபோது 4 அங்குலம். வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவிலான தூரம், 90 அங்குலம் (2286 மி.மீ.). கூரை கிடையாது, கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது, பாடி எந்தச் சுமையையும் தாங்குவதில்லை. ஆகவே கிட் செய்பவர் தன் சேஸிஸைத் தானே அடித்து, அதே 90 அங்குலத்தில் சக்கரத்தை நிறுத்திவிட முடியும்.

இன்னொரு காரின் மேல் பாடியை மாட்டும் நகல்களுக்கு இந்த வசதி இல்லை. டொயோட்டா எம்ஆர்2-இன் இரண்டாம் தலைமுறைக்கு வீல்பேஸ் 2400 மி.மீ., ஃபெராரி எஃப்355-க்கு 2450. அந்த 50 மி.மீ. எங்காவது தொலைய வேண்டும். பெரும்பாலும் கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் தொலையும். பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே கண்ணை உறுத்தும். போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரை ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் கட்டுபவர்களுக்கு நேர்மாறான வேலை. பீட்டில் 2400, ஸ்பீட்ஸ்டர் 2100. தரைத்தகட்டில் 300 மி.மீ. வெட்டி எடுத்து மறுபடி வெல்டிங் வைக்க வேண்டும். நடுச்சுரங்கத்துக்குள் ஓடும் கியர் ராடு, கிளட்ச் கேபிள் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் குழாய் எல்லாவற்றையும் அதே அளவு குறைக்க வேண்டும். வெட்டு கொஞ்சம் சாய்ந்தாலும் பின்அச்சு கோணிக்கொள்ளும், கார் நண்டு நடை நடக்கும். அப்படி ஒன்றை வாங்குவதென்றால் மூலைவிட்டங்கள் இரண்டையும் டேப் வைத்து அளக்காமல் வாங்கக்கூடாது.

போலி என்ற உங்கள் நண்பரின் சொல்லுக்கு என் பதில் சுருக்கமானது. நகலை நகல் என்று சொல்லி ஓட்டுபவரும் விற்பவரும் யாரையும் ஏமாற்றவில்லை. வடிவத்தின் மேல் உரிமை கேட்டு மூல நிறுவனங்கள் வழக்குப் போட்டதுண்டு. டேடோனா ஸ்பைடரையும் டெஸ்டரோசாவையும் ஃபைபரில் செய்து விற்ற ஒருவர் மேல் ஃபெராரி தொடுத்த வழக்கில் 1991-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபெராரி பக்கமே தீர்ப்பளித்தது. அது தயாரித்து விற்பவரின் சிக்கல். தன் ஷெட்டில் ஒரு காரைக் கட்டி, பிரேக் குழாயைத் தானே வளைத்து, ஒயரிங்கைத் தானே இழுத்தவரின் உழைப்பில் போலி எதுவும் இல்லை. பின்னால் ஒட்டும் பேட்ஜைக் காட்டி அசல் விலை கேட்பவரைத்தான் அந்தச் சொல்லால் அழைக்க வேண்டும்.

இனி உங்களுக்கு வந்திருக்கும் கார். சேஸிஸிலிருந்து ஆரம்பியுங்கள். நான்கு ஸ்டாண்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் பிராக்கெட்டுகளின் வெல்டிங்கை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் கோட்டிங் உள்ள சேஸிஸ் நன்றாக இருப்பதாகத் தோன்றும். வெல்டிங் ஓரத்தில் கோட்டிங் வெடித்து, அதற்குள் தண்ணீர் போய், மேல்தோல் அப்படியே நிற்க உள்ளே துரு ஓடியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பினால் செதிலாகக் கழன்று வரும். பிராக்கெட் அடியில் துரு என்றால் பாடியைக் கழற்றித்தான் சரிசெய்ய முடியும்.

அடுத்தது ஜாகுவார் பின்அச்சு. என்ஜினின் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பெட்டியின் பின்மூடியின் போல்ட் ஒன்றில் சின்னத் தகடு தொங்கும். அதில் கியர் பற்களின் எண்ணிக்கை குத்தியிருக்கும். ஒன்றை மற்றதால் வகுத்தால் வருவது கியர் விகிதம், அது பெரிதானால் அதே வேகத்துக்கு என்ஜின் அதிகம் சுற்றும். 43:13 என்றால் 3.31, 46:13 என்றால் 3.54, 43:14 என்றால் 3.07. எக்ஸ்ஜே6-ஐ விட மிக எடை குறைந்த காருக்கு 3.54 தேவையே இல்லை. மோட்டார்வேயில் என்ஜின் வீணாகச் சுற்றும். 3.07 கிடைத்தால் அதிர்ஷ்டம், 3.31 போதும்.

மூன்றாம் சீரிஸ் வரையிலான எக்ஸ்ஜே6 என்றால் பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இருக்காது, டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கும். பிரேக் சூடு நேராக அவுட்புட் ஷாஃப்டின் ஆயில் சீலுக்குப் போகும். சீல் காய்ந்து, எண்ணெய் டிஸ்க் மேல் கசியும். முப்பது வருடம் சும்மா நின்ற அச்சில் சீல் நிச்சயம் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டுமானால் அச்சு முழுவதையும் கீழே இறக்க வேண்டும். இறக்கியவுடன் சீல், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிபரின் ரப்பர்கள், டிஸ்க், கீழ்விஷ்போன் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை) பேரிங்குகள் எல்லாவற்றையும் ஒரே வேலையாகச் செய்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஹேண்ட்பிரேக்குக்கென்று தனிக் குட்டிக் காலிபர்கள் உண்டு. அவை இறுகிப்போவது சகஜம். இந்த அச்சில் டிரைவ்ஷாஃப்டே மேல்விஷ்போன் வேலையையும் செய்கிறது. யுனிவர்சல் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தால் சக்கரமே சாயும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கையில் தெரியும். 1986-இல் வந்த எக்ஸ்ஜே40-இன் அச்சில் டிஸ்க் வெளியே வந்துவிட்டது. தேர்வு உங்கள் கையில் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

முன்பக்கத்தில் அதிகம் பேர் தவறவிடுவது பம்ப் ஸ்டியர். சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ரேக் சரியான உயரத்தில் உட்காராவிட்டால், மேடுபள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது தானே உள்ளேயும் வெளியேயும் திரும்பும். கார் சாலையில் அலையும். ஓட்டுபவர் டயரைக் குறை சொல்வார். சோதிக்க ஸ்பிரிங்கைக் கழற்றி, ஹப்பில் (சக்கரம் மாட்டும் மையத்தில்) நேர்ப்பலகை ஒன்றைக் கட்டி, 50 மி.மீ. மேலேயும் 50 மி.மீ. கீழேயும் நகர்த்தி, பலகையின் முன்முனைக்கும் பின்முனைக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்க வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ.க்கு மேல் போனால் ரேக்குக்கு அடியில் மெல்லிய தகடு (ஷிம்) வைத்தோ எடுத்தோ உயரத்தைச் சரிசெய்யலாம். காஸ்டர் கோணமும், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணமும், போதுமான அளவு வேண்டும். அது குறைந்தால் திருப்பியபின் ஸ்டியரிங் நடுவுக்குத் திரும்பாது, ஐவிஏவில் அங்கேயே தோற்கும்.

என்ஜின் பற்றி எனக்குப் பயமில்லை. ரோவர் 3.5 முழுக்க அலுமினியம், அமெரிக்க ப்யூக் வடிவமைப்பிலிருந்து வந்தது, உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. பிற்கால 3.9, 4.6-இல் சிலிண்டரின் உள்ளுறையான லைனருக்குப் பின்னால் என்ஜின் பிளாக் விரிசல் விடும் தொல்லை உண்டு. 3.5-இல் அது அரிது. ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். இன்லெட் மேனிஃபோல்டைத் தூக்கி கேம் ஷாஃப்டின் முகடுகளைப் பாருங்கள். ஒன்று மழுங்கியிருந்தாலும் கேமையும் அது தள்ளும் டாப்பெட்டுகளையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பழைய டாப்பெட் புதிய கேமைச் சீக்கிரமே தின்றுவிடும். முன்மூடியில் உள்ள ஆயில் பம்ப் வெகுநாள் நின்றால் எண்ணெயை இழுக்காது. மூடியைத் திறந்து கியர்களைச் சுற்றி வாசலின் அடைத்து மூட வேண்டும். இதைச் செய்யாமல் சாவி போட்டால் பேரிங் போய்விடும்.

கோப்ரா நகல்கள் டிராஃபிக்கில் கொதிப்பதற்கு ரேடியேட்டர் சிறியது என்று பலரும் பெரிதாக மாற்றுவார்கள். அநேகமாகக் குற்றம் ரேடியேட்டரில் இல்லை. மூக்கின் நீள்வட்ட வாய்க்குள் வரும் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் ஓரங்களில் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. வாயின் விளிம்பிலிருந்து ரேடியேட்டரின் நான்கு பக்கமும் அலுமினியத் தகடு வளைத்து அடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஃபைபருக்கே உரிய இன்னொரு தொல்லை எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. இரும்பு பாடியில் லைட்டை எங்கே திருகினாலும் எர்த் கிடைத்துவிடும். ஃபைபரில் ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் ஒயர் சேஸிஸ் வரை வர வேண்டும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறதா, பின்லைட் கூடச் சேர்ந்து மினுக்குகிறதா? பல்பை மாற்றாதீர்கள், எர்த் ஒயரைத் தேடுங்கள். பெட்ரோல் கேஜ் பொய் சொல்வதும் டேங்கில் பெட்ரோல் அளவை அறியும் கருவியின் எர்த்தால்தான். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் வெட்டி எறியுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் வந்துவிட்டது. பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி வெடிக்கும். ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் மட்டும் போடுங்கள்.

பாடி கடைசி. கதவுகளைப் பொருத்துவது கார் தன் சக்கரத்தில் நின்று, என்ஜின் எடையும் ஏறிய பிறகுதான். ஸ்டாண்டில் வைத்து 5 மி.மீ. இடைவெளியாகப் பார்த்துப் பார்த்து வைத்தது இறக்கியவுடன் ஒருபக்கம் உரசும். பெயிண்ட் அடிக்குமுன் வாக்ஸ் ரிமூவரால் துடையுங்கள், அதன்பிறகே உப்புத்தாள். வரிசை மாறினால் வார்ப்பச்சிலிருந்து ஒட்டிவந்த மெழுகு கீறல்களுக்குள் போய், பெயிண்ட் மீன்கண் போலக் குழிகுழியாக விலகும். வார்ப்பச்சின் இணைப்புக்கோடுகளை 'வி' வடிவில் தோண்டி ரெசினால் நிரப்பவும். சாதாரணப் பட்டி பார்த்தால் வெயிலில் கோடு மீண்டும் எழுந்து நிற்கும்.

ஐவிஏ சோதனையில் கோப்ராக்காரர்களைக் கவிழ்ப்பவை சிறிய விஷயங்கள். 100 மி.மீ. உருண்டை தொடக்கூடிய வெளி விளிம்பு எதுவும் 2.5 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாகக் கூர்மையாக இருக்கக்கூடாது. காது வைத்த வீல் ஸ்பின்னர் இதில் தோற்கும். டாஷில் நீட்டிக்கொண்டிருக்கும் டாகிள் சுவிட்சுகளுக்கு உட்புற விதியில் இதே கதி. பக்கவாட்டு எக்ஸாஸ்ட்டில் கால் சுடாதபடி காப்புத்தகடு வேண்டும். பிரேக்கில் பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முந்திப் பூட்டிக்கொள்ளக்கூடாது. பிரேக் பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடும் பயாஸ் பார் வைத்திருந்தால் சரிசெய்தபின் நகராதபடி பூட்டிவிட வேண்டும்.

இனி அந்தக் "கொஞ்சம்" காகிதங்கள். விலையை முடிவு செய்வது இவைதான். கிட் நிறுவனத்திடம் சேஸிஸைப் புதிதாக வாங்கியதற்கான ரசீதும், அந்த ஜாகுவாரின் லாக்புக்கும் (பதிவு ஆவணம்) இருந்தால், சஸ்பென்ஷன், அச்சு என்ற இரண்டு முக்கிய பாகங்களைக் காட்டி ஜாகுவாரின் வயதுக்குரிய நம்பரைக் கேட்கலாம். இல்லையென்றால் க்யூ பிளேட். ஓட்டுவதற்கு அதனால் குறை ஒன்றுமில்லை, மறுவிற்பனையில்தான் விலை குறையும். "ஜாகுவார் என்ற பெயரிலேயே ஓட்டிக்கொள்ளுங்கள்" என்று விற்பவர் சொன்னால் கேட்காதீர்கள். அசல் சேஸிஸ் போய்விட்ட காருக்கு அந்த அடையாளம் செல்லாது. என்ஜின் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். 1975 ஆகஸ்ட் 1-க்கு முந்திய என்ஜின் என்று நிரூபித்தால் கண்ணுக்குத் தெரியும் புகை இருக்கக்கூடாது என்பதோடு புகைச் சோதனை முடிந்தது. 1976-இல் வந்த ரோவர் எஸ்டி1 காரிலிருந்து எடுத்தது என்றால் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும்.

ரசீதும் லாக்புக்கும் கைக்கு வந்து, பிராக்கெட் வெல்டிங்கும் சுத்தமாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். காகிதம் இல்லாவிட்டால், அச்சையும் என்ஜினையும் உதிரியாக விற்றால் என்ன தேறுமோ அதற்கு மேல் ஒரு பவுண்டும் ஏறாதீர்கள். பார்க்கப் போகும்போது ஜாக்கி, நான்கு ஸ்டாண்டு, டார்ச், டேப், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் எடுத்துப்போங்கள். வண்டியைத் தூக்கிப் பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.