கேள்வி பதில்: எல்.ஆர்.டி. வருது, எங்க லோங்காங் எப்ப?

போன இதழ்ல "உங்க ஊரு பிரச்சனைய எழுதுங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தோம், வந்த கடிதத்துல பாதிக்கு மேல லோங்காங் (அதாங்க வடிகால்), லிப்ட், குப்பை இதேதான். சரி, இந்த மாசம் முழுக்க அதையே எடுத்துக்குவோம். சினிமா கேள்வி கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க.

அண்ணே, இங்க பினாங்குல கொம்தார் கட்டடம் பக்கம் எல்.ஆர்.டி. ரயிலு வரப் போவுதுன்னு பேப்பர்ல கலர் கலரா படம் போடுறாங்க, பேச்செல்லாம் பில்லியன் கணக்குல இருக்கு. ஆனா எங்க லோரோங்ல (சந்துல) அர மணி நேரம் மழ பெஞ்சா கணுக்கால் அளவு தண்ணி, லோங்காங்ல மண்ணு ரொம்பி புல்லே முளச்சிருச்சு. நாங்க கட்டுற வீட்டு வரி எல்லாம் அந்த ரயிலுக்குத்தான் போவுதா? (வாசகர், ஜெலுத்தோங்)

இல்ல தம்பி, உங்க வரி அங்க போகல. நெறய பேருக்கு இந்த குழப்பம் இருக்கு, அதனால கொஞ்சம் இழுத்தே சொல்றேன். ஒரே ஊர்ல மூணு பை இருக்கு. எல்.ஆர்.டி.க்கு முத்தியாரா லைன்னு பேரு, 29.5 கிலோமீட்டர், தெக்க சிலிக்கான் தீவுலேருந்து கொம்தார் வந்து, கடல தாண்டி பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரல் வரைக்கும் போவும், அத 2024ல மத்திய அரசு எடுத்துக்கிச்சு, வேலய பாக்குறது மத்திய அரசோட எம்.ஆர்.டி. கார்ப்ரேஷன் கம்பெனி. ஆக அது மத்திய அரசு பை. ரெண்டாவது மாநில அரசு பை, முன்னாடி அவங்க போட்ட கணக்கு வேற: தெக்கால கடல ரொப்பி தீவு உண்டாக்குறது, அந்த நிலத்த வித்து அந்த காசுல ரயிலு ரோடு எல்லாம் போடுறது. மூணு தீவு, 4,500 ஏக்கர்னு ஆரம்பிச்சாங்க, இப்ப ஒரே தீவுல, அதான் அந்த சிலிக்கான் தீவுல, வந்து நிக்குது, அதுவே 2,300 ஏக்கர். கெர்த்தாக் சங்குல், தெலுக் கும்பார் பக்கத்து மீன் பிடிக்கிறவங்க இதுக்காக எத்தன வருஷம் கத்துனாங்கன்னு உங்களுக்கே தெரியும், அத ஒரு வரில சொல்லி முடிக்க எனக்கு மனசு வரல, தனியா ஒரு மாசம் எழுதணும்.

மூணாவது பைதான் எம்.பி.பி.பி., நம்ம மாநகர் கழகம். பிப்ரவரி கடைசிக்குள்ள ஒருக்கா, ஆகஸ்டு கடைசிக்குள்ள ஒருக்கா நாம கட்டுற வரி, பார்க்கிங் காசு, லைசென்ஸ் காசு எல்லாம் சேந்து இங்கதான் விழுது. குப்பை அள்ளுறது, ரோடு கூட்டுறது, புல்லு வெட்டுறது, பாசார் (சந்தை), சின்ன லோங்காங் எல்லாம் இதுலேருந்துதான். குப்பை விஷயத்துல பினாங்கு கோலாலம்பூர் மாதிரி இல்ல, மத்திய அரசோட திடக்கழிவு சட்டத்துல நம்ம மாநிலம் சேரல, அதனால தீவுக் குப்பைய நம்ம கழகமே அள்ளி, பத்து மாவுங்ல சேத்து, கடல் தாண்டி புலாவ் பூரோங் கொண்டு போயி கொட்டுது. 2022 ஜனவரியில அந்த குப்பைமேடு பத்திக்கிட்டு எரிஞ்சப்ப நிபோங் திபால் பக்கத்து சனங்க மூக்க மூடிக்கிட்டு கெடந்தாங்க, நாம இங்க கொம்தார்ல ஷாப்பிங் பண்ணிக்கிட்டு இருந்தோம்.

அப்ப பை வேற வேறன்னா உங்க லோங்காங் ஏன் அப்படியே கெடக்கு? ஏன்னா லோங்காங்குக்கு நாலு மொதலாளி. ஆறு, பெரிய வடிகால்னா ஜே.பி.எஸ்.ங்கிற வடிகால் இலாகா, பெரிய ரோட்டு ஓரம்னா ஜே.கே.ஆர்.ங்கிற பொதுப்பணி இலாகா, வீட்டுக்கு முன்னாடி பின்னாடி ஓடுறது கழகம், பிளாட் வேலிக்கு உள்ளன்னா அந்த பிளாட்டு கமிட்டி. எங்க சந்துல நான் பட்டது இருக்கே, ஒரு ஆபிசுக்கு போன் பண்ணா இது ரோட்டு லோங்காங் அங்க கேளுங்கறான், அங்க கேட்டா இது பின்சந்து வடிகால் மறுபடி அங்கயே கேளுங்கறான், மூணு மாசம் போச்சு, கடைசில பக்கத்து வீட்டு பையன் கம்பிய விட்டு இழுத்தா உள்ள ஒரு தலகாணி, அதுக்கு அடியில யாரோ வீடு உடச்சு கட்டுனப்ப கொட்டுன சிமெண்டு பாறையா கெட்டிப்பட்டு கெடக்கு. ஆபிசுக்காரன திட்டுன வாய நான் கொஞ்சம் மூடிக்கிட்டேன்.

ஆனாலும் உங்க கோவத்துல தப்பு இல்ல தம்பி. 2017 நவம்பர் 4, 5 மறக்குமா? ராத்திரி முழுக்க காத்தும் மழையும், பினாங்குல 7 பேர் செத்துப் போனாங்க, சுங்கை பினாங் ஆத்து ஓரத்துல எத்தன வீட்டுல பிரிட்ஜு மெதந்துச்சு. அந்த மழைக்கு உங்க லோரோங் லோங்காங் தாங்காது, அது வேற அளவு. ஆனா சாதா மழைக்கு தாங்கணும்ல. புகார் பண்ணும்போது "எங்க வீட்டு முன்னாடி"ன்னு சொல்லாதீங்க, லோரோங் பேரு, பக்கத்து வெளக்கு கம்பத்து நம்பர், போட்டோ மூணையும் குடுங்க, புகார் நம்பர கேட்டு வாங்கி எழுதி வெச்சுக்குங்க. நம்பர் இல்லாத புகார் காத்தோட போச்சு.

எங்க தாத்தா பழைய சிட்டி கவுன்சில் பஸ்ல கண்டக்டர். அப்பல்லாம் கவுன்சிலரயே நாங்கதான் ஓட்டு போட்டு வெச்சோம், ஒரு பல்பு எரியலன்னாலும் அவர் வீட்டு வாசல்ல போய் நிப்போம்னு சொல்றாரு. கத விடுறாரா? (வாசகி, ஆயர் ஈத்தாம்)

தாத்தாவுக்கு ஒரு கும்பிடு போடும்மா, அவர் சொல்றது அச்சு அசல் உண்ம. ஜோர்ஜ்டவுன்ல நகராட்சி தேர்தல் 1951லயே நடந்துச்சு, நாடு சுதந்திரம் வாங்குறதுக்கு முன்னாடி. 1957 ஜனவரி 1 அன்னிக்கு சிட்டின்னு பட்டம் கெடச்சது, மலாயாவுலயே மொத சிட்டி. மொத மேயர் டி.எஸ். ராமநாதன், லேபர் கட்சி. இன்னைக்கும் அவர் பேர்ல ஒரு ரோடு இருக்கு, தெனமும் அதுல போறவங்கள நிறுத்தி யாரு இவருன்னு கேட்டா பத்துல ஒம்பது பேரு முழிப்பாங்க.

அந்த கவுன்சில்கிட்ட கரண்டு இருந்துச்சு, தண்ணி இருந்துச்சு, பஸ் இருந்துச்சு. உங்க ஊரு பக்கத்துல நாம காலையில நடக்கப் போற ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு இருக்குல்ல, 1960கள் ஆரம்பத்துல முடிஞ்சது, அது சிட்டி கவுன்சில் கட்டுனது. இத ஏன் சொல்றேன்னா, பெரிய திட்டம்னாலே வீண் செலவுன்னு சில பேரு எழுதியிருக்காங்க, அந்த அணையும் அன்னிக்கு பெரிய திட்டந்தானே, கொழாய தெறந்தா தண்ணி வரட்டும்னுதான் அத கட்டுனாங்க. கட்டுனவனே லோங்காங்குக்கும் பொறுப்பு, அடுத்த தேர்தல்ல அதே ஆளு வந்து ஓட்டு கேக்கணும்.

அப்புறம் 1965ல இந்தோனேசியாவோட தகராறு, அத காரணமா சொல்லி நாடு முழுக்க நகராட்சி தேர்தல நிறுத்துனாங்க, 1966ல ஜோர்ஜ்டவுன் கவுன்சில் அதிகாரம் மாநில அரசுகிட்ட போச்சு. அப்ப ஊராட்சிங்கள விசாரிக்க ஒரு அரச ஆணையம் போட்டாங்க, தலைவர் யாருன்னா செனட்டர் ஆதி நாகப்பன். அவங்க எல்லாம் அலசிட்டு, தேர்தல் வேணும்னுதான் எழுதிக் குடுத்தாங்க. அரசாங்கம் கேக்கல, 1976 ஊராட்சி சட்டத்துல கதவ ஒரேயடியா சாத்திட்டாங்க. 2012ல பினாங்கு சட்டமன்றம் தானா ஒரு சட்டம் போட்டு தேர்தல் நடத்தப் பாத்துச்சு, 2014ல கூட்டரசு நீதிமன்றம் முடியாதுன்னிருச்சு. இப்ப இருக்குற 24 கவுன்சிலரும் மாநில அரசு நியமிக்கிறவங்க. அவங்கள்ல நல்லா ஓடி ஓடி வேல செய்றவங்க இருக்காங்க, இல்லன்னு சொன்னா பாவம். ஓட்டுல வந்த பழைய ஆளுங்க எல்லாம் புத்தர்னும் சொல்ல மாட்டேன், முறைகேடு புகார் வந்துதானே ஆணையமே போட்டாங்க. ஆனா ஒண்ணு, உங்க தாத்தா போய் நிக்கிறதுக்கு ஒரு வாசல் இருந்துச்சு. உங்க பக்கத்து கவுன்சிலர் யாருன்னு உங்களுக்கு தெரியுமாம்மா? எனக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாது.

பினாங்கு கொடிமலைக்கு கேபிள் கார் தேவையா? (வாசகர், பட்டர்வொர்த்)

மலைக்கு ரயிலு 1923லேருந்து ஓடுது. லீவு நாள்ல அந்த ரயிலுக்கு வரிசையில நின்னு பாத்தவன் கேபிள் கார் வேணும்பான், மலை மேல ஏற்கனவே இருக்குற கூட்டத்த பாத்தவன் வேணாம்பான். நான் ரெண்டையும் பாத்தேன், அதனால வாய தெறக்கல.

எப்ப பாத்தாலும் பினாங்கு கததானா? இங்க கோலாலம்பூர்ல ஆத்த சுத்தம் பண்றோம்னு பில்லியன் கணக்குல கொட்டுனாங்க, மஸ்ஜிட் ஜாமேக் பக்கம் நீலக் கலர் லைட்டு, பொகை எல்லாம் விடுறாங்க, ஆத்து தண்ணி மட்டும் இன்னும் தே தாரேக் (பால் டீ) கலர்லதான் ஓடுது. (வாசகர், செந்தூல்)

வாங்க வாங்க, செந்தூல் ஆளுங்க கோவிச்சுக்கிட்டா எங்களுக்கு பத்திரிக விக்காது. நீங்க சொல்ற "வாழ்வு நதி" திட்டம், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும், மொத்தம் 4.4 பில்லியன் வெள்ளின்னு (ரிங்கிட்) சொன்னாங்க. உடம்புல பட்டா பரவால்லங்கிற தரத்துக்கு தண்ணிய கொண்டு வரணும்ங்கிறது குறி. இப்ப அதுல காலு வைப்பீங்களா? நான் வைக்க மாட்டேன்.

ஆனா ஆத்த கெடுக்கிறது எதுன்னு பாத்தீங்கன்னா சிரிப்பு வரும், அழுகையும் வரும். கட்டுமான எடத்து மண்ணு, சரியா சுத்தமாகாத கழிவுநீர், பாசார் கழுவுன தண்ணி, அப்புறம் சாப்பாட்டுக் கடை எண்ணெய். கோழி பொரிச்ச எண்ணெய நேரா லோங்காங்ல ஊத்துறது, அது ஆத்துக்கு போவுது. கடைக்குப் பின்னால எண்ணெய புடிச்சு நிறுத்துற கிரீஸ் ட்ராப்னு ஒரு பெட்டி இருக்கு, அத வெச்சு வாரா வாரம் கழுவணும், அதிகாரி வந்து மூடிய தெறந்து பாக்கணும். இதுக்கு எந்த மந்திரியும் ரிப்பன் வெட்ட வர மாட்டாரு, அந்த நாத்தத்துல யாரு போட்டோ எடுப்பா? லைட்டுக்கும் பொகைக்கும்னா வரிசையா வருவாங்க.

அதுக்காக எல்லாத்தையும் ஒரே தட்டுல போடாதீங்க. ஸ்மார்ட் சுரங்கம் 2007ல தெறந்தாங்க, 9.7 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 1.9 பில்லியன். பெருமழைக்கு ஆத்து தண்ணிய அது வழியா திருப்பி விட்டதால நடு டவுனு தப்பிச்சது பல தடவ, மத்த நாள்ல உள்ள கார் ஓடுது. அது எனக்கு நல்ல செலவாத்தான் படுது. மெர்டேக்கா 118 கோபுரத்து மேலயும் சில பேரு கோவப்பட்டு எழுதியிருந்தாங்க, 678.9 மீட்டர் ஒசரம், அது டி.பி.கே.எல்.ங்கிற கோலாலம்பூர் மாநகர் மன்றத்து காசு இல்ல, பி.என்.பி.ங்கிற முதலீட்டு நிறுவனம் கட்டுனது, அதுல லோங்காங்க தேடாதீங்க.

மஸ்ஜிட் இந்தியா ரோட்ட பத்தியும் ரெண்டு பேரு கேட்டிருந்தீங்க. 2024 ஆகஸ்டு 23, ஊர் பாக்க வந்த ஒரு இந்தியப் பெண்மணி நடந்து போகும்போதே நடபாதை உள்வாங்கி, 8 மீட்டர் பள்ளத்துல போயிட்டாங்க, 9 நாள் தேடியும் கெடைக்கல. நம்ம சேல, நக, பூமால வாங்குற ரோடு அது. அன்னிலேருந்து எங்க வீட்டம்மா அங்க போனா தரைய பாத்துத்தான் நடக்குறாங்க. ரோடு ஒருத்தருது, அடியில போற கழிவுநீர் கொழாய் இன்னொருத்தருது, தண்ணி கொழாய் வேற ஒருத்தருது, இதுல மண்ணுக்கு அடியில எந்தக் கொழாய்க்கு எத்தன வயசுன்னு யாரு வருஷா வருஷம் பாக்குறா? இத கேக்க பினாங்குல எங்களுக்காவது பேருக்கு சட்டமன்ற உறுப்பினர் ஒருத்தர் இருக்காரு. உங்களுக்கு அதுவும் இல்ல, கூட்டரசுப் பிரதேசத்துல சட்டமன்றமே கெடையாது, டத்தோ பண்டாருங்கிற மேயரும் நியமனந்தான், நீங்க ஓட்டு போட்டு கேள்வி கேக்க முடிஞ்ச ஒரே ஆளு உங்க எம்.பி., அவருக்கு நாடாளுமன்ற வேலயும் இருக்கு. அதனால செந்தூல் லோங்காங் நாடாளுமன்றத்துக்கு போனாத்தான் உண்டு.

எங்க பிளாட்ல லிப்ட் நாலு மாசமா ஓடல. நான் எட்டாவது மாடி, முட்டி வலி. மாடி ஏறவே உசுரு போவுது. கழகத்துல கேட்டா இது தனியார் பிளாட்டுங்கறாங்க. (வாசகி, பாயா தெருபோங்)

அக்கா, அவங்க சொல்றது சட்டப்படி சரி, முட்டிப்படி தப்பு. லிப்ட் பொறுப்பு உங்க கமிட்டிக்குத்தான், ஆனா மலிவு விலை பிளாட்டுக்கு பினாங்கு மாநில அரசு ஒரு உதவி வெச்சிருக்கு, லிப்ட், தண்ணித் தொட்டி, கூரை, பெயிண்ட் மாதிரி பெரிய வேலைக்கு செலவுல 80 சதவீதம் அரசு, 20 சதவீதம் குடியிருக்கிறவங்க. தனி ஆளா நீங்க கேட்டா கெடைக்காது, கமிட்டிதான் மனு போடணும். இங்கதான் இடிக்கும், மாசா மாசம் மெயின்டனன்ஸ் காசு கட்டாதவன் பாதி பேரு இருந்தா அந்த 20 எங்கேருந்து வரும்? கீழ் மாடிக்காரன் எனக்கு எதுக்கு லிப்ட்டுங்கறான். அடுத்த கூட்டத்த எட்டாவது மாடியில உங்க வீட்டு வாசல்ல வைக்கச் சொல்லுங்கக்கா, எல்லாரும் ஏறி வரட்டும்.

தைப்பூசத்துக்கு ரோடெல்லாம் தேங்கா, குப்பை. கழகம் என்னதான் செய்யுது? (வாசகர், ஜோர்ஜ்டவுன்)

உங்களுக்கு மட்டும் நான் கொஞ்சம் கோவமா பதில் சொல்றேன். ரதம் வர்ற ராத்திரி தூங்காம போய் நின்னு பாருங்க, நாம மலையா குவிச்சு ஒடைக்கிறத, ரதம் நகரணும்னு முன்னாடியே இயந்திரத்தால தள்ளி, லோரியில ஏத்தி, மிச்சத்த வெளக்குமாத்தால கூட்டுறாங்க, காலையில தண்ணீர்மலை ரோட்டுல கார் ஓடுது. அப்படியும் மட்டை கொஞ்சம் லோங்காங்ல விழத்தான் செய்யும், அதுக்கு அடுத்த வாரம் மழ பெஞ்சா இதே பத்திரிகைக்கு கடிதம் வரும். தேங்காய கொறச்சுக்குங்கன்னு எத்தன வருஷமா கேட்டுப் பாக்குறாங்க. எங்க வீட்டுல 108லேருந்து 9க்கு வந்துட்டோம், முருகன் இது வரைக்கும் ஒண்ணும் சொல்லல.